வடை இருந்தால் சாம்பிள் எடுக்காதீர்கள்

கிணற்றடியில் ஒரு தட்டு நிறைய சுடச்சுடப் பருப்பு வடை இருக்கிறது. பக்கத்தில் தேத்தண்ணி. உங்கள் கையில் காலி சாம்பிள் பாட்டில். முதலில் என்ன செய்வீர்கள்?

வடையைச் சாப்பிடுவேன் என்றால் நீங்கள் நேர்மையானவர். சாம்பிள் எடுப்பேன் என்றால் இன்னும் இன்டர்வியூ மூடிலேயே இருக்கிறீர்கள். இரண்டும் தப்பு. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். வழியில் தின்ன ஒரு வடை எடுத்துக்கொள்ளலாம், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஏன் திரும்பி வர வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் ரிடயர் ஆகிவிட்டேன். வயது இருபத்தொன்பது. ஆறு வருடம் பிரிக்பீல்ட்சில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் உட்கார்ந்து, கீழே கடுகு வெடிக்கும் சத்தத்தில் நிலத்தடித் தண்ணீர் ரிப்போர்ட் எழுதியவனுக்கு அதற்கு மேல் சர்வீஸ் தாங்காது. போகும்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் ஹேண்டோவர் நோட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் மேனேஜர். பம்பை எப்படி இறக்குவது, மீட்டரை எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் பச்சை ஃபைலில் இருக்கிறது. அருமையான ஃபைல். ஆறு வருடத்தில் என்னைத் தவிர ஒருவரும் திறக்காததால் இன்னும் புதுசாகவே இருக்கிறது. அதில் இல்லாத ஒரே விஷயம் மேரி ஆன்டியின் வடை. அதனால் அதை நான் எழுதுகிறேன்.

தெலுக் பங்லிமா காராங் தாண்டி உள்ளே போனால் ஒரு மணல் சுரங்கம் வரும். சுரங்கம் என்றதும் மலையைக் குடைவதை நினைக்காதீர்கள். தரையைத் தோண்டுவார்கள், குளம் மாதிரி ஆகும், மணலை லோரியில் ஏற்றுவார்கள், குளம் பெரிதாகும். அந்தப் பக்கத்து மண்ணில் ஒரு கெட்ட குணம். ஆழத்தில் சும்மா கிடக்கும் வரை சாது. தோண்டிக் காற்றுப் பட்டுவிட்டால் அமிலம் விடும். அமிலம் தண்ணீரோடு நகர்ந்து, போகிற வழியில் இருக்கும் இரும்பு, அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு போகும். எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது நம் வேலை. அதற்காகச் சுரங்கத்தைச் சுற்றி ஐந்து போர் குழாய் இறக்கியிருக்கிறோம். ஆறாவதாக ஒரு வீட்டுக் கிணறு. அதுதான் மேரி ஆன்டியின் கிணறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு இடத்திலும் சாம்பிள்.

இந்த வேலைக்கு நம்மை அமர்த்தியிருப்பது அந்தச் சுரங்கமேதான். திருடனே தன் வீட்டு வாசலில் கேமரா மாட்டச் சொன்ன மாதிரி இல்லையா என்று என் அம்மா கேட்டார். சட்டப்படி அப்படித்தான் அம்மா என்றேன். அதற்கு மேல் யாரிடமும் விளக்க முயலாதீர்கள்.

ஆன்டியின் வீடு சுரங்க வேலியிலிருந்து நூறு அடி இருக்கலாம். வரிசையாக நாலு வீடு, நாலுக்கும் சேர்த்து ஒரு கிணறு, அது ஆன்டியின் கொல்லையில். எல்லா வீட்டிலும் குழாய்த் தண்ணீர் உண்டு. ஆனால் நாம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறோம். எங்கேயோ ஆற்றில் நாற்றம் என்று மூன்று நாள் தண்ணீர் கட் ஆகும். அப்போது நாலு வீட்டுக்கும் இந்தக் கிணறுதான் குளியல், கழுவல், சமையல் எல்லாம்.

முதல் தடவை, சாம்பிளுக்கு முன்பு கிணற்றை அளந்து பார்க்க மட்டும் போனபோது எனக்கு இருபத்தாறு வயது, வாய் மட்டும் நாற்பது. ஆன்டி கொல்லைப்புறத்தில் நின்று நான் காலி பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவதைப் பார்த்தார். எஸ்டேட்டில் பிறந்து, கிள்ளானில் கையுறை ஃபேக்டரியில் இருபது வருடம் வேலை செய்தவர். எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"எதுக்குத் தம்பி இவ்ளோ பாட்டிலு?"

"டெஸ்ட் பண்ண ஆன்டி. உங்க கெணறு பாஸா ஃபெயிலான்னு."

"ஃபெயிலானா?"

"ஃபெயிலானா கெசிஹாத்தான், அதான் சுகாதார இலாகா ஆளுங்க லோரியில சிமெண்டு கொண்டாந்து மேல வரைக்கும் ஊத்தி மூடிருவாங்க. கெணறு இருந்த எடம் ரோடு ஆயிரும்."

நான் சிரித்தேன். என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பது எப்போதும் நான்தான். ஆன்டி கிணற்றை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போனார். அன்றைக்கு வடை கிடையாது, வெறும் பிஸ்கட்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸில் இதுதான் முதல் தடயம்.

அடுத்த தடவையிலிருந்து பச்சை ஃபைலின்படி நடந்தேன். வீட்டுக் கிணறு என்றால் உரிமையாளருக்கு ஒரு நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். மரியாதை. நானும் போன் போட்டு "ஆன்டி, நாளைக்கு வரேன்" என்பேன். "வாங்க தம்பி, பசியாறாம வாங்க" என்பார். போனால் வடை. அதுவும் எப்படி, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மிளகாய் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். கிள்ளான் கடைகளில் அந்த வடை கிடையாது. இவ்வளவு மரியாதையான பொதுமக்கள் வேறு எந்தத் துறைக்குக் கிடைப்பார்கள் என்று பூரித்தேன்.

ரிசல்ட்டும் வடை மாதிரியே வந்தது. மற்ற ஐந்து போர்களிலும் புளிப்பு ஏறிக்கொண்டே போனது. ஆன்டி வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் மூன்றாம் நம்பர் போரில் pH மீட்டர் நாலு காட்டியது; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சம்பழ ஜூஸ் ரகம் இல்லை, ஆனால் அந்தத் திசையில் போகிறது. ஆன்டியின் கிணறு மட்டும் ஏழு. சுத்தம். நடுநிலை. ஸ்விட்சர்லாந்து.

நூறு அடிக்குள் நாலு எப்படி ஏழாகும்? கேள்வி சரிதான். கேட்டது மேனேஜர். பதில் சொன்னது நான். "உள்ளூர்க் களிமண் அடுக்கின் இயற்கையான சமன்செய்யும் தன்மை காரணமாக வீட்டுக் கிணறு பாதிப்பின்றி உள்ளது." இப்படி ஒரு வாக்கியத்தை ரிப்போர்ட்டில் எழுதினேன். சுரங்கத்துக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. வேலியைத் தாண்டி ஆன்டி வீட்டுப் பக்கமாகவே அடுத்த குழியைத் தோண்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அந்த மனுவில் என் வாக்கியத்தை அப்படியே ஒட்டியிருந்தார்கள். எழுத்தாளனாக எனக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம்.

போர் குழாயில் சாம்பிள் எடுக்கும் முன் தேங்கிய தண்ணீரைப் பம்ப் வைத்து வெளியேற்றுவோம், தெரியுமில்லையா? மீட்டர் ஒரே எண்ணில் நிற்கும் வரை. நிலத்தின் உண்மையான தண்ணீர் அதற்குப் பிறகுதான் வரும். ஆன்டியின் கிணற்றில் நான் அதைச் செய்யவே இல்லை. தினமும் இறைக்கிற கிணறு, பழைய தண்ணீர் தங்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அரை மணி நேரம் பம்ப் ஓட்டினால் வடை ஆறிவிடும் என்பது உண்மையான காரணம். மேலாக ஒரு முக்கு, பாட்டில் நிறைந்தது, முடிந்தது.

இதில் இன்னொரு பெருமையான செயலும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வந்ததும் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து, பச்சை டிக் எல்லாம் போட்டு ஆன்டியிடம் கொடுப்பேன். பச்சை ஃபைலில் இல்லாத சேவை. ஆன்டி அதைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறை போட்டு, கிணற்றடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

இப்படி ஆறு தடவை. ஒன்றரை வருடம்.

சந்தேகம் வந்தது எனக்கில்லை. ஷா ஆலமில் நாம் பாட்டில் கொடுக்கும் லேப் இருக்கிறதே, அங்கே ஓர் அக்கா. ராமநாதபுரம் பக்கம், கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலை பெர்மிட்டில் வந்தவர். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். ஆறாவது ரிசல்ட்டை வாங்கப் போனபோது கவரை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏங்க, ஒரு சந்தேகம். உங்க வீட்டுக் கெணறு தெனம் ரெண்டு வேளை பல்லு வெளக்குதா?"

"ஏன் அக்கா, வாய் நாறுதா?"

"அதான் நாறவே இல்லையே." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஃபுளோரைடு வரியப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லலைங்க. கேட்டேன், அவ்வளவுதான்."

அவருக்கு அந்த மாதம் பெர்மிட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. லேபின் பெரிய வாடிக்கையாளர் நாம். இதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்? ஒரு ஜோக் சொன்னார். நான் அதை ஆபீசுக்குக் கொண்டுவந்து என் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் வரியைப் பார்த்தேன். இந்த நாட்டில் குழாய்த் தண்ணீரில் பல்லுக்கு நல்லது என்று ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். ஐந்து போரிலும் ஃபுளோரைடு இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கொஞ்சம். ஆன்டியின் கிணற்றில் மட்டும், நம் கீழ்க்கடையில் கை கழுவும் குழாயில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. ஆறு தடவையும்.

அப்போதாவது உறைத்ததா என்று கேட்காதீர்கள். "பக்கத்தில் குழாய்க் கசிவு இருக்கலாம்" என்று ஃபைலில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினேன். பென்சிலால். ஒரு தப்பான நம்பருக்கு வசதியான காரணம் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நிமிடம் போதும். நீங்கள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பீர்கள். படித்தவர்கள்.

ஏழாவது தடவை வழக்கம்போல முதல் நாள் போன் போட்டேன்.

"ஆன்டி, நாளைக்கு வரேன்."

"ஐயோ தம்பி, நாளைக்கு வராதீங்க. இங்க நேத்துலேர்ந்து தண்ணி கட்டுலா. ஒரு தேத்தண்ணி கூட போட முடியாது."

"பரவால்ல ஆன்டி. நான் என்னா தேத்தண்ணிக்கா வரேன், கெணத்துக்குத்தான வரேன்."

"கெணத்துக்கும் அடுத்த வாரம் வாங்க."

"கெணத்துக்கு என்னா? கெணத்துலயும் தண்ணி கட்டா?"

இதையும் ஜோக்காகத்தான் கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. நான் ஒரு கிணற்றில் விழுந்த கல் மாதிரி அந்த அமைதிக்குள் இறங்கிக்கொண்டே போனேன். ஃபுளோரைடு. பல் விளக்கும் கிணறு. ஏழு. முதல் நாள் போன். வடை.

ஆன்டி போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை போனேன். ஆன்டி கிணற்றடியிலேயே நின்றார். தகர மூடியின் மேல் பெரிய பிளாஸ்டிக் தொட்டி.

"மூடிய எடுக்கணும் ஆன்டி."

"துணி ஊற வச்சிருக்கேன் தம்பி."

"தண்ணி கட்டுல துணி ஊற வச்சீங்களா?"

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். காய்ந்த துணி. ஆன்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவர் ஓரமாகத் தோட்டத்து ரப்பர் ஹோஸ் சுருட்டி வைத்திருந்தது. ஒரு முனை குழாயில் மாட்டியபடியே. மறுமுனை கிணற்றுப் பக்கம்.

"எத்தன வாட்டி ஆன்டி?"

"நீங்க போன் போடுற அன்னைக்கெல்லாம்." குரல் இறங்கியிருந்தது. "அங்கிள் பம்பு போட்டு எறச்சி விட்டுருவாரு. அப்புறம் பைப்புல புடிச்சி ரொப்பிருவோம். களிமண்ணுதான தம்பி, ஊத்து மெதுவாத்தான் வரும். நீங்க வர்ற வரைக்கும் நல்லா கண்ணாடி மாதிரி இருக்கும்."

"ஏன் ஆன்டி?"

"ஏனா? நீங்கதான சொன்னீங்க மொத நாளு. ஃபெயிலானா சிமெண்டு ஊத்தி மூடிருவாங்கன்னு. மூடிட்டா இந்த மாதிரி நாள்ல நாலு வீடும் எங்க போறது?"

"ஆன்டி, அது ஜோக்."

"யாரு சிரிச்சா?"

நான் குனிந்து பாட்டில் பெட்டியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு சாந்தி அக்கா இரண்டு வாளியோடு வந்தார்.

"ஆன்டி, ரெண்டு வாளி எடுத்துக்குறேன், சோறு வைக்கணும்." என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஓ, தண்ணி தம்பியா. கொஞ்சம் கலரா இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு வேணாங்குறாரு. அதான் செவுத்துல பேப்பர் மாட்டியிருக்குல்ல, கவர்மெண்டு லேப்புல பாஸாயிருக்கு, உனக்கு என்னா தெரியும்னு சொன்னேன். போன கட்டுலகூட இதுலதான் கஞ்சி வச்சேன்."

அது கவர்மெண்டு லேப் இல்லை என்று சொல்ல நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றிய திருத்தம் அதுதான். பச்சை டிக் போட்டவன் நான். என் கையெழுத்து கீழே இருக்கிறது. அதை நம்பி ஒருவர் கஞ்சி வைத்திருக்கிறார்.

உங்களுக்கு இந்த வேலையில் நெருக்கடி என்றால் பம்ப் சிக்கிக்கொள்வது என்று நினைப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. ஒருமுறை இரண்டாம் நம்பர் போரில் கயிறு அறுந்து பம்ப் உள்ளேயே போய்விட்டது. மூன்று மணி நேரம் வெயிலில் வளைந்த கம்பியை வைத்து மீன் பிடித்தேன். அதைப் பெரிய நெருக்கடி என்று ஒரு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாந்தி அக்கா வாளியைக் கீழே வைத்த அந்தச் சத்தம்தான் நெருக்கடி.

முடிவெடுத்தது நானில்லை. ஆன்டி.

"சாந்தி, எடுக்காத."

"ஏன் ஆன்டி?"

"கக்கூசுக்கு வேணா எடு. சோத்துக்கு வேணாம்."

"பேப்பர்ல..."

"அந்தப் பேப்பரு பைப்புத் தண்ணிக்கு," என்றார் ஆன்டி. சுவரிலிருந்து அதைக் கழற்றி, மடங்காத அந்த பிளாஸ்டிக்கை மடக்கப் பார்த்து, முடியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நான்தான் ஊத்துனேன். அப்புறமா எல்லாம் சொல்றேன், அப்ப என்னையத் திட்டு. இப்ப போ."

சாந்தி அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா ஆன்டி நீங்க," என்றார். அவ்வளவுதான். காலி வாளியோடு போனார். ஆன்டி தொட்டியை இறக்கினார். மூடியை நான் தூக்கினேன். தண்ணீர் நேற்றைய தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு பளபளப்பு, துருப்பிடித்த ஆணி வாசனை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கிணற்றில் அரை மணி நேரம் பம்ப் ஓட்டினேன். மீட்டர் மூன்று புள்ளி எட்டில் நின்றது.

ஆன்டி என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

"இப்ப எழுதப் போறீங்களா?"

"ஆமா ஆன்டி."

"என் பேரையுமா?"

பாட்டிலுக்கு மூடி போட்டேன்.

மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அவரைக் கெட்டவர் என்று நினைக்கப்போகிறீர்கள். அப்படி இல்லை. அவர் பயந்தவர். இரண்டும் வேறு. புதுக் குழிக்கான அனுமதிக் கூட்டம் வியாழக்கிழமை. நான் போய்ச் சொன்னது செவ்வாய்க்கிழமை.

"பிரதர், ஏழுல ஒண்ணு. சும்மா ஒரு சாம்பிள் வெலகிப் போச்சு. தண்ணி வந்ததும் போயி திரும்ப எடு."

"தண்ணி வந்ததும் எடுத்தா அது பைப்பு சாம்பிள் பாஸ்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கீழ்க்கடையில் யாரோ பார்சல் ஆர்டரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்தபோது தீர்வு கிடைத்துவிட்டது.

"சரி. அப்ப உரிமையாளர் தலையீடுன்னு போடு. ரெண்டே வார்த்த. உண்மைதான? அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நம்ம மேல ஒண்ணும் இல்ல."

உண்மைதான். அதுதான் அதன் அழகு. இந்த இரண்டு வார்த்தை என்ன செய்யும் தெரியுமா? உரிமையாளர் கை வைத்த கிணறு என்று ஆனால் அதைக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் வீட்டுக் கிணறே இல்லை. கிணறு இல்லையென்றால் பாதிப்பும் இல்லை. குழி நேராக ஆன்டியின் வேலி வரை வரும். சிமெண்டே தேவையில்லை. நான் ஜோக்காகச் சொன்னதை ஒரு ஃபார்மின் காரணக் கட்டத்தில் நானே செய்து முடித்திருப்பேன்.

"அவங்க ஊத்துனாங்க பாஸ். ஊத்தச் சொன்னது நான்."

"நீ எங்க சொன்ன?"

சொன்னேன். சிமெண்டு லோரி, ரோடு, எல்லாம். வாழ்க்கையில் ஒரு ஜோக்கைச் சொல்லி முடித்ததும் இவ்வளவு அமைதியாக இருந்த ரூமை நான் பார்த்ததில்லை. இல்லை, அதற்கு முதல் நாள்தான் ஒரு கிணற்றடியில் பார்த்தேன்.

"இத எழுதப்போறியா?"

"எழுதணும் பாஸ்."

"எழுதுனா சுரங்கத்துக்காரன் நம்மள விடுவானா? மாடியக் காலி பண்ணிட்டு நாமளும் கீழ சாப்பாட்டுக் கடையில போயி வாழ எல வெட்டணும்."

"பைப்புத் தண்ணிக்கு ஆறு ரிப்போர்ட் குடுத்திருக்கோம்னு வேற யாராச்சும் கண்டுபுடிச்சா எலயும் கெடைக்காது பாஸ். லேப்புல ஏற்கெனவே கண்டுபுடிச்சாச்சு."

லேப் அக்காவை நான் பேர் சொல்லி இழுக்கவில்லை. ஃபுளோரைடு வரியை மட்டும் காட்டினேன். அந்த வரிக்குப் பறிபோகப் பெர்மிட் கிடையாது.

அன்றைக்கு மத்தியானம் அனுமதி கொடுப்பவர்களுக்குக் கடிதம் எழுதினேன். ஆறு ரிசல்ட்டையும் திரும்பப் பெறுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டுப் போனது நாங்கள். கிணறு மூடப்படும் என்று உரிமையாளரிடம் தவறாகச் சொன்னது சாம்பிள் எடுத்தவர். தேங்கிய தண்ணீரை வெளியேற்றாமல் எடுத்ததும் அவரே. களிமண் பற்றிய வாக்கியத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. என் முதல் அங்கீகாரம் பெற்ற வாக்கியத்தை நானே கொன்றேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "சாம்பிள் எடுத்தவர்" என்பதை அடித்துவிட்டு "எங்கள் ஊழியர்" என்று மாற்றினார். கையெழுத்துப் போட்டார். அதனால்தான் அவரைக் கெட்டவர் இல்லை என்கிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். இன்றுவரை நிற்கிறது. ஆன்டி பக்கம் இன்னும் இரண்டு போர் இறக்கச் சொன்னார்கள். நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பெரிய நீலத் தொட்டி ஒன்றைச் சுரங்கம் வைக்க வேண்டும், தண்ணீர் கட் ஆகும் நாளில் லோரியில் கொண்டுவந்து நிரப்ப வேண்டும் என்றார்கள். வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகவில்லை. பாதியில் கன்சல்டன்ட்டை மாற்றினால் அது இன்னும் அசிங்கம். எனக்கு மட்டும் ஒரு வருடம் கிள்ளானில் நெடுஞ்சாலை ஓரம் உட்கார்ந்து லோரிச் சத்தம் அளக்கும் வேலை கொடுத்தார்கள். தண்டனை இல்லையாம். அனுபவமாம்.

கெசிஹாத்தான் ஆட்களும் வந்தார்கள். சிமெண்டு கொண்டுவரவில்லை. குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்று ஒரு போர்டு வைத்துவிட்டுப் போனார்கள். பேப்பர் மாட்டியிருந்த அதே ஆணியில். சாந்தி அக்கா ஒரு மாதம் ஆன்டியோடு பேசவில்லை. இரண்டாவது மாதம் கறிவேப்பிலை கேட்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான் முதலில் போனபோது ஆன்டி வாசலிலேயே கேட்டார்.

"சிமெண்டு எங்க தம்பி? லோரி பின்னாடி வருதா?"

சிரித்தேன். இந்தத் தடவை அவர் முதலில் சிரித்தார், அதனால்.

"ஆன்டி, இனிமே போன் போட மாட்டேன். திடுதிப்புனுதான் வருவோம்."

"வாங்க. நல்லதாப் போச்சு. ஆனா சொல்லாம வந்தா வடை கெடையாது, ஆமா. பருப்பு ஊறணும்ல."

பச்சை ஃபைலில் அந்தப் பக்கத்தை மாற்றியது நான்தான். வீட்டுக் கிணறுகளுக்கு முன்னறிவிப்பு கிடையாது. காரணத்தை அங்கே எழுத இடம் போதவில்லை. இங்கே எழுதியாயிற்று. ஆன்டி வீட்டில் வடை இருந்தால் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆபீசில் இருந்தோ, சுரங்கத்தில் இருந்தோ, உங்களிடமிருந்தோ. ஆன்டி இனிமேல் ஹோஸ் பிடிக்கமாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் "எனக்குத் தெரியும்" என்று நான் ஆறு தடவை கையெழுத்துப் போட்டவன். ஆகவே திரும்பி வாருங்கள். இன்னொரு நாள் போங்கள். அங்கே ஜோக் வந்தால் முழுங்குங்கள். யாருக்காவது பேப்பர் கொடுத்தால் அது எந்தத் தண்ணீருக்கான பேப்பர் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஷெட்யூலில் உங்கள் முதல் கிணறு அதுதான். நான் இன்றைக்கு விடைபெற வந்து ஆன்டி வீட்டுச் சமையலறை மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இனி யார் வருவார்கள் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். எப்போது என்று கேட்டார். தெரியாது என்றேன். பிஸ்கட் டின்னைத் திறந்து முன்னால் வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போயிருக்கிறார்.

மணி நாலரை. அடுப்பு மேடையில் பாத்திரம் எதுவும் இல்லை. பருப்பு ஊறவில்லை.